மஞ்சள் தொட்டின்னு சொல்லணும்

ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கிடட்டுமா? கோவிச்சுக்காதீங்க. காத்து படலைன்னா இந்த வேர்க்குரு என்னைப் பாடாப் படுத்திரும். அப்படிக் கொஞ்சம் நகந்துக்கோங்க. பையா? வேண்டாம், பை என் மடியிலயே இருக்கட்டும். அதுக்குள்ளதான் என் மானமே இருக்கு. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

மதுரைக்குத்தானே? நானும் அங்கதான். கோயிலுக்கும் இல்லை, ஜவுளி எடுக்கவும் இல்லை. விசாரணைக்கு. மேலிடத்துல இருந்து என்னை விசாரிக்கப் போறாங்களாம். முப்பது வருஷத்துக்கு மேல பாடம் எடுத்தவளை மேஜைக்கு எதிர்ல உக்கார வச்சுக் கேள்வி கேக்கப் போறாங்களாம். நல்லா இருக்குல்ல?

நான் டாக்டருங்க. ஊசி போடுற டாக்டர் இல்லை, பாடம் நடத்துற டாக்டர். மெடிக்கல் காலேஜ்ல கிருமிப் பாடம். மைக்ரோபயாலஜின்னு சொல்லுவாங்க. எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க. அவங்க உப்பைத் தின்னிருக்கேன், பஸ்ஸுல வச்சு அவங்க பேரைக் கெடுக்க மாட்டேன். சொர்ணம் மேடம்னா அங்க வாட்ச்மேன்கூட எந்திரிச்சு நிப்பான். இப்ப ஒரு மாசமா வீட்டுல உக்காரச் சொல்லிட்டாங்க.

விஷயம் இதுதான். கொரோனா நேரத்துல டிவியில பாத்திருப்பீங்கள்ல, தலையில இருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு டாக்டருங்க நடப்பாங்களே, அந்த உடுப்பு. பி.பி.ஈ. கிட்டுன்னு சொல்லுவோம். கவுனு, கையுறை, மாஸ்க், கண்ணாடி. அதைப் போடுறதுல ஒண்ணும் பெருமை இல்லை, சின்னப்பிள்ளைகூடப் போட்டுரும். கழட்டுறதுலதான் இருக்கு அத்தனையும். வெளிப்பக்கம் பூரா நோயாளிகிட்ட இருந்து ஒட்டின கிருமி. அது நம்ம மேல படாமக் கழட்டணும். எதை முதல்ல கழட்டுறது, எதைக் கடைசியா, எப்பக் கையைக் கழுவுறதுன்னு ஒரு முறை இருக்கு. அதை எங்க காலேஜ்ல சொல்லிக்கொடுத்தது நான். நான் மட்டும்தான்.

இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுரும். நான் சொல்லிக்கொடுத்தது தப்பா, இல்லை ஜெபமலர்ங்கிற பொண்ணு செஞ்சது தப்பான்னு. அந்தப் பொண்ணு ஹவுஸ் சர்ஜன். படிப்பு முடிச்சு ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில வேலை பாக்கும்ல, அது. மேல்படிப்புக்கு சீட்டு கிடைச்சிருக்கு. தப்பு அதோடதுன்னு முடிவாச்சுன்னா சர்டிபிகேட்டை நிறுத்திருவாங்க, சீட்டும் போயிரும். என் தப்புன்னு ஆச்சுன்னா, வர்ற சித்திரையில மாலை மரியாதையோட ரிட்டையர் ஆகவேண்டியவ தலை குனிஞ்சு வெளியே வரணும். என் தலை குனியுமாங்க? நீங்களே சொல்லுங்க.

ஸ்ஸ்... இந்த பஸ் சீட்டுல மூட்டைப்பூச்சி இருக்கும்போல. உங்களுக்குக் கடிக்கலை?

முதல்ல இருந்து சொல்றேன், கேளுங்க. பாடம் எடுக்கக் கிட்டு வேணும்னு நான் மேனேஜ்மெண்டுகிட்ட கேக்காத வருஷம் இல்லை. ஒரு தடவை போட்டுக் கழட்டினா தூக்கிப் போடுற சாமானுக்கு நாங்க ஏன் செலவழிக்கணும்னு கேட்டாங்க. வாயில சொல்லிக்கொடுங்க மேடம் போதும்னாங்க. வாயில சொல்லிக்கொடுத்தா வருமா? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கடைசியில ஒரே ஒரு கிட்டு கொடுத்தாங்க. ஒரே ஒண்ணு. எத்தனை பிள்ளைகளுக்கு? வகுப்பு பூராவுக்கும்.

வேற ஒருத்தியா இருந்தா அன்னைக்கே கிழிச்சுப் போட்டிருப்பா. நான் அதை எத்தனை வருஷம் வச்சிருந்தேன் தெரியுமா? ஒவ்வொரு கிளாஸும் முடிஞ்சதும் உதறி, மொட்டை மாடி நிழல்ல காயப்போட்டு, நாலா மடிச்சு, கழுத்துப்பட்டி மேல தெரியிற மாதிரி கவர்ல போட்டு, அந்துருண்டை வச்சுப் பீரோவுல பூட்டிருவேன். சாவி என் சங்கிலியில. ஒருக்க ஒரு தடிப்பய கையைத் தூக்கின வேகத்துல அக்குள்ல கிழிச்சுட்டான். என் பிள்ளை மேல கீறல் விழுந்த மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே உக்காந்து பச்சை நூல்ல தச்சேன். வெள்ளைக் கவுனுல பச்சைத் தையல், பளிச்சுனு தெரியும். தெரியட்டும்னு விட்டேன். பாக்குறப்பல்லாம் பிள்ளைகளுக்குப் பயம் வரணும்ல.

அதனால நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்னா, முறை மாறாது, புஸ்தகத்துல உள்ளபடிதான். முதல்ல கையுறை. அப்புறம் கை சுத்தம். அப்புறம் கவுனு. பின்னாடி முடிச்சை அவிழ்க்கணும். இழுக்கக் கூடாது, பிய்க்கக் கூடாது. தோள்ல இருந்து மெல்ல இறக்கி, வெளிப்பக்கம் உள்ள போற மாதிரி சுருட்டணும். அதுக்கடுத்து மஞ்சள் தொட்டி. ஆஸ்பத்திரியில நோயாளிகிட்டப் போன சாமானுக்குன்னு மஞ்சள் குப்பைத்தொட்டி இருக்கும், பாத்திருப்பீங்க. அதுல போடணும். ஆனா என் கிளாஸ்ல தொட்டி கிடையாது. எதுக்கு வைப்பேன்? எவனாவது ஆர்வக்கோளாறுல நெசமாவே போட்டுட்டா? அதனால மூலையைக் கையால காட்டி, சத்தமா, "மஞ்சள் தொட்டி"ன்னு சொல்லணும். சொல்லிட்டு, திருப்பி விரிச்சு, நாலா மடிச்சு, என் கையில கொண்டுவந்து கொடுக்கணும். அவ்வளவுதான்.

மார்க்கும் அப்படித்தான். தொட்டின்னு சொல்லலைன்னா ஒரு மார்க் போச்சு. மடிப்பு கோணலா இருந்தா ரெண்டு மார்க் போச்சு. கிழிச்சா பெயில், பேச்சே கிடையாது. பிள்ளைக ஹாஸ்டல்ல நைட்டியையும் மழைக்கோட்டையும் வச்சு மடிச்சுப் பழகுதுகன்னு வார்டன் சொல்லிச் சிரிப்பா. வெளியூர்ல இருந்து பரீட்சை நடத்த வந்த ஒரு பெரிய மனுஷன், "மேடம், தொட்டி எங்க?"ன்னு கேட்டாரு. "மனசுல இருக்கு சார்"னேன்.

அந்த மடிப்புல கைதேர்ந்த பிள்ளை யாருன்னா, இந்த ஜெபமலர்தான். சும்மா சொல்லக்கூடாது. தூத்துக்குடிப் பக்கம், அப்பா படகுக்கு வலை பின்றவரு. விரல் அந்த மாதிரி. ஒரு சுருக்கம் இருக்காது. ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வந்து, "இந்தாங்க மேடம்"னு கொடுக்கும். அந்த வருஷப் பரிசை அந்தப் பொண்ணுக்குத்தான் கொடுத்தேன். என் கையால கொடுத்தேங்க, அதான் வயிறு எரியுது.

இப்ப இந்தத் தை மாசம் வார்டுல ஒரு தாத்தாவைச் சேத்தாங்க. சிரங்கு. நம்ம சின்ன வயசுல பாத்த சிரங்கு இல்லை, இது வேற. உடம்பு பூரா அடை அடையா பொருக்கு கட்டி, அது உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஆயிரக்கணக்குல இருக்கும். தொட்டா ஒட்டிக்கிடும். துணியில பட்டாலும் சில நாள் உயிரோட கிடக்கும். பாவம், பெத்த மகனே தள்ளி நின்னானாம். அதனால உள்ள போற எல்லாரும் கவுனு போட்டுத்தான் போகணும், வெளியே வந்ததும் கழட்டித் தொட்டியில போட்டுரணும்னு வார்டுல சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரியாச்சே, அங்க மட்டும் புதுக் கவுனு கட்டுக்கட்டா இருக்கு. எனக்குக் கொடுக்க ஒண்ணு இல்லை!

ஜெபமலர் டூட்டி. உள்ள போயிருக்கு, தாத்தாவைப் பாத்திருக்கு, புண்ணுக்கு மருந்து போட்டிருக்கு. அந்தத் தாத்தாகிட்ட உக்காந்து பேசிச் சிரிக்க வச்சது அது ஒண்ணுதானாம், எல்லாரும் சொல்றாங்க. வெளியே வந்திருக்கு. கையுறையைக் கழட்டி, கையைச் சுத்தம் பண்ணி, முடிச்சை அவிழ்த்து, கவுனைச் சுருட்டி... எல்லாம் முறையாப் பண்ணியிருக்கு. எதிர்ல நெசத் தொட்டி, மஞ்சள் தொட்டி, வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. அதைக் கையால காட்டி, "மஞ்சள் தொட்டி"ன்னு சொல்லிட்டு, கவுனை விரிச்சு நாலா மடிச்சுக் கவர்ல போட்டுருச்சு.

என்னங்க வாயைப் பொத்திக்கிட்டீங்க? சிரிக்கிற விஷயமா இது? பக்கத்துல நின்ன சிஸ்டர் அருள்செல்வி, "இது என்னமோ புது முறை போல"ன்னு நினைச்சுக்கிட்டாளாம். அவளாவது கேட்டிருக்கலாம்ல? "சொர்ணம் மேடம் பிள்ளைக தப்பாச் செய்யாதுன்னு நம்பினேன்"னு சொல்றா. எனக்கு அவ மேலயும் கோவம்தான், ஆனா அந்த வார்த்தை கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

அது ஒண்ணோட நிக்கலை. அடுத்தடுத்து டூட்டிக்கு வந்த பிள்ளைக எல்லாம் என்கிட்டப் படிச்சதுகதானே. எல்லாம் தொட்டியைக் காட்டிச் சொல்லிட்டு, மடிச்சு, என் டிபார்ட்மெண்டுல கொண்டாந்து வச்சிருக்குக. நான் காலையில வந்து பாக்குறேன், மேஜை மேல கவுனு அடுக்கியிருக்கு. வரிசையா. ஒரே அளவு, ஒரே மடிப்பு, கழுத்துப்பட்டி மேல. என்னத்தச் சொல்ல, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு, கடைசியில மேனேஜ்மெண்டு மனசு இரங்கி எனக்குக் கவுனு கொடுத்துட்டாங்கன்னு நினைச்சேன்.

நீங்க வேற! யாரு கொடுத்ததுன்னு எதுக்குக் கேக்கணும்? கேட்டா திருப்பி எடுத்துக்கிட மாட்டாங்களா? பேசாம பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்.

அந்த வாரம் ரெண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு கிளாஸ். என் சர்வீஸ்ல முதல் தடவையா, ஒருத்தர் போட மத்தவங்க வேடிக்கை பாக்காம, வரிசையா நிறையப் பேரு சேந்து கவுனு போட்டாங்க. மாத்தி மாத்தி எல்லாரும் போட்டுப் பாத்தாங்க. நானும் போட்டேன். எல்லாரும் ஒரே நேரத்துல மூலையைக் காட்டி "மஞ்சள் தொட்டி!"ன்னு சொன்னப்ப ஹால் அதிர்ந்துச்சு. மடிச்சுக் கொடுத்ததை எல்லாம் நான் மார்போட அணைச்சு வாங்கி வச்சேன். அப்படி ஒரு கிளாஸ் நான் எடுத்ததே இல்லை, இனிமே எடுக்கப் போறதும் இல்லை. அன்னைக்கு வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரர்கிட்ட, "இன்னைக்குச் செத்தாலும் பரவாயில்லை"ன்னு சொன்னேன். அவரு, "சாப்பாட்டை வச்சுட்டுச் சாவு"ன்னாரு. அந்த மனுஷன் அப்படித்தான்.

அப்புறம் ஆரம்பிச்சுது. முதல்ல லேடீஸ் ஹாஸ்டல். ராத்திரியானா ஒரு பிள்ளையும் தூங்கலை, சொறி சொறின்னு சொறியுதுக. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு. அப்புறம் பாய்ஸ் ஹாஸ்டல். அப்புறம் மெஸ்ஸுல தோசை ஊத்துறவரு. ஒரு மீட்டிங்ல டீன் பேசிக்கிட்டே மேஜைக்கு அடியில கையை விட்டுச் சொறியிறாரு, எல்லாரும் பாக்காத மாதிரி ஃபேனைப் பாக்குறாங்க. ஹாஸ்டலைக் காலி பண்ணி மெத்தையெல்லாம் வெயில்ல போட்டு, பெத்தவங்க வந்து கேட்டுக்கு வெளியே நின்னு கத்தி, ஊரே நாறிப்போச்சு. எல்லாருக்கும் கழுத்துல இருந்து பாதம் வரைக்கும் பூசச் சொல்லி மருந்து கொடுத்தாங்க. எனக்கும் ஒரு பாட்டிலு கொண்டாந்து நீட்டுறான் ஒரு ஜூனியர் பய. "எனக்கு எதுக்குடா? நான் அந்தத் தாத்தா இருந்த வார்டு வாசப்படியே மிதிக்கலையே"ன்னு அனுப்பிட்டேன். எனக்குத் தெரியாதா, எது சிரங்கு, எது வேர்க்குருன்னு? நான் கிருமிப் பாடம் நடத்துறவ.

இதுவா? இது வேர்க்குருதான். கையில மட்டும்தான், இந்த விரல் இடுக்குல. ராத்திரி ஆனா கொஞ்சம் கூடும். புழுக்கம்ல. எங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு, அவருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்காது. சொன்னாக் கேக்க மாட்டாரு.

அப்ப விசாரிச்சிருக்காங்க. எங்க இருந்து பரவுச்சுன்னு தேடித் தேடி என் பீரோவுக்கு வந்துட்டாங்க. கவுனை எல்லாம் இடுக்கியில தூக்கிட்டுப் போய் எரிச்சாங்க, படுபாவிக. நான் ஒண்ணே ஒண்ணை மட்டும் ஹேண்ட்பேக்குல போட்டுத் தப்பிக்க வச்சுட்டேன். என்னோட பழசை. ஜெபமலரைக் கூப்பிட்டு, "ஏம்மா தொட்டியில போடலை?"ன்னு டீன் கேட்டதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு தெரியுமா? "சொர்ணம் மேடம் சொல்லிக்கொடுத்தபடிதான் சார் செஞ்சேன்"னு சொல்லிருச்சு. அத்தனை பேரு முன்னாடி. எனக்குக் காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி இருந்துச்சு. பரிசு கொடுத்த கைங்க இது. நான் தொட்டின்னு சொல்லலையா? ஒவ்வொரு கிளாஸ்லயும், ஒவ்வொரு பிள்ளை வாயிலயும் சொல்ல வச்சேனா இல்லையா? ஊருக்கே கேக்குற மாதிரி சொல்ல வச்சேன். பிள்ளை புரிஞ்சுக்கிடலைன்னா வாத்தியார் என்ன பண்ணுவா?

அதைத்தான் இன்னைக்கு அங்க போய் நேர்ல செஞ்சு காட்டப் போறேன். அதுக்குத்தான் கவுனைக் கொண்டுவந்திருக்கேன். என் முறையில ஒரு குத்தம் கண்டுபிடிக்கட்டும், பாக்குறேன். நீங்க வேணா சொல்லுங்க, உங்களுக்கே காட்டுறேன். கூச்சப்படாதீங்க, பஸ்ஸு எங்க ஓடிப்போகுது, இப்பத்தான் கல்லுப்பட்டி தாண்டியிருக்கு. இந்தா, இந்த நுனியைப் பிடிங்க. பாத்தீங்களா துணி எப்படி இருக்குன்னு? புதுசு மாதிரி இல்லை? இங்க அக்குள்ல பச்சைத் தையல் இருக்கும் பாருங்க, நான் போட்டது... இந்தப் பக்கமோ... இல்லையே. அந்தப் பக்கத்துலயும் காணோம். சாயம் போய் வெளுத்திருக்கும். அவ்வளவு நுணுக்கமாத் தச்சிருக்கேன் பாருங்க, எனக்கே தெரியலை.

கையை மட்டும் உள்ள விட்டுக்கிடுறேன். கண்டக்டர் பாத்தா பாக்கட்டும். ஆச்சு, போட்டாச்சு. நோயாளியைப் பாத்தாச்சு. இப்பக் கழட்டுறேன், கவனிங்க. முடிச்சு. தோள். மெல்ல, மெல்ல. சுருட்டியாச்சு. மஞ்சள் தொட்டி! சொன்னேனா? உங்க காதுல விழுந்துச்சா? இப்ப விரிச்சு, இப்படி ஒண்ணு, இப்படி ரெண்டு, நாலா மடிச்சு, பையில வச்சாச்சு. எங்கயாவது என் மேல வெளிப்பக்கம் பட்டுச்சா? சொல்லுங்க.

என்னது? தொட்டியில போடலையா? என்னங்க நீங்க, இப்பத்தானே சொன்னேன், மஞ்சள் தொட்டின்னு! பஸ்ஸுல தொட்டிக்கு நான் எங்க போவேன்?

...

இருங்க. அப்படிப் பாக்காதீங்க. நீங்க படிச்சவங்களா இருந்தா புரியும். அந்தப் பொண்ணும் முந்தாநாள் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டுச்சு. போன்ல அழுதுச்சு. அழட்டும்னு விட்டேன். அழுது முடிச்சுட்டுக் கேக்குது, "மேடம், நான் உங்க பேரைச் சொன்னது தப்புதான் மேடம். நாளன்னைக்கு விசாரணையில நான் என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லிக்கொடுங்க, அதையே சொல்லிடறேன்"னு. சீட்டு போயிரும்னு அதுக்குத் தெரியும். வலை பின்ற அப்பன் பெத்த பொண்ணு, இனி அப்படி ஒரு சீட்டு அதுக்கு எப்பக் கிடைக்கும்? என் பொண்ணா இருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னுகூட நினைச்சேன். நினைக்காம இல்லை.

அப்புறம் சொன்னேன். "மேடம் தொட்டியில போடத்தான் சொல்லிக்கொடுத்தாங்க, நான்தான் கவனக்குறைவா இருந்துட்டேன், அப்படின்னு சொல்லு. நிமிர்ந்து பாத்துச் சொல்லு, திக்காமச் சொல்லு"ன்னேன். அது ஒருக்க திருப்பிச் சொல்லிக் காட்டுச்சு. "சரியா இருக்கா மேடம்?"ன்னு கேட்டுச்சு. சரியா இருக்குன்னேன்.

திருமங்கலம் வரப்போகுது. என்னங்க, அந்தப் பக்கம் நகந்துட்டீங்க? நீங்களும் சொறிய ஆரம்பிச்சுட்டீங்களே! நான்தான் சொன்னேன்ல, இந்த சீட்டுல மூட்டைப்பூச்சி இருக்குன்னு.

அங்க போய்ப் பொண்ணு மாத்திச் சொல்லிட்டா என்ன பண்ணுவேன்னா கேக்குறீங்க? அட போங்கம்மா. ஜெபமலரை உங்களுக்குத் தெரியாது. நான் ஒண்ணு சொல்லிக்கொடுத்தா அந்தப் பொண்ணு அப்படியே செய்யும்.